பிக்கப் வாங்கி மலைக்கும் மணலுக்கும் தயார் செய்வது எப்படி: ஆவணம், செலவு, கால அளவு

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டில் ஒன்றைத் தமிழ்நாட்டில் வாங்கி, கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் ஓடிய ஒரு வி-கிராஸை வாங்கி, என் பெயருக்கு மாற்றி, அதை முறையாகத் தயார் செய்து முடிப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. ஷோரூமில் ஒன்று சொன்னார்கள், உதிரிபாகம் விற்பவர் வேறொன்று சொன்னார், ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் இருந்த ஏஜென்ட் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பம்பர், விளக்கு, உயரம் என்று கண்ணில் படுவதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆவணத்தில் தொடங்குங்கள். அடுத்தது டயர். அதற்கடுத்து, சேற்றில் சிக்கினால் வெளியே வருவதற்கான சாமான்கள். பம்பரும் விளக்கும் கடைசியில் வரட்டும். பலருக்கு அவை தேவைப்படுவதே இல்லை.

1. நிறுத்தும் இடத்தை அளந்து பாருங்கள்

வி-கிராஸ் ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளம். ஹைலக்ஸ் 5,325 மி.மீ. தமிழ்நாட்டின் கட்டட விதிகள்படி அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அளவு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அதாவது உங்கள் வண்டியின் மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இழுவைக் கொக்கி, முன்னால் பம்பர் என்று சேர்த்தால் இன்னும் அதிகம். டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தூண்களுக்கு இடையே அளவெடுங்கள். அடித்தள நிறுத்துமிடம் என்றால் கூரையிலிருந்து தொங்கும் குழாய்களின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பெட்டிக்கு மேல் கூடாரமோ ரேக்கோ ஏற்றிய பிறகு அந்தக் குழாய்கள்தான் தொல்லை தரும்.

திருப்பங்களும் அகலமானவை. தெரு முனையில் ஒரே வீச்சில் திரும்பாது. இரண்டு முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். டெஸ்ட் டிரைவை நெடுஞ்சாலையில் எடுக்காமல் உங்கள் வீட்டுத் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

2. வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா

முன்பணம் கொடுப்பதற்கு முன் உறுதிசெய்ய வேண்டிய முதல் விஷயம் இது. வி-கிராஸையும் ஹைலக்ஸையும் தனிநபர் வாகனமாகப் பதியலாம். அதே டி-மேக்ஸ் குடும்பத்தில் வரும் எஸ்-கேப், ரெகுலர் கேப் ஆகியவை வணிக வாகனங்கள். மகிந்திரா பொலேரோ கேம்பரும் அப்படியே. பழைய வண்டிச் சந்தையில் "டபுள் கேபின் பிக்கப்" என்று இவை எல்லாமே ஒரே வரிசையில் நிற்கும். விலை குறைவாக இருப்பதைப் பார்த்து மஞ்சள் போர்டு வண்டியை வாங்கிவிட்டு, பிறகு வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வகை மாற்றம் ஆர்.டி.ஓ.வின் அனுமதி, வரி வித்தியாசம், ஆய்வு என்று நீளும்; கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மஞ்சள் போர்டு என்றால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) உண்டு: முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். கூடுதலாக ஒரு பம்பரோ பெரிய டயரோ மாட்டியிருந்தால் ஒவ்வொரு எஃப்.சி.யின்போதும் கழற்றி மாட்ட வேண்டிவரும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வாகனத்துக்கு பெர்மிட் தேவையில்லை என்பது ஒரு சலுகை. அதற்காக மட்டும் மஞ்சள் போர்டை எடுக்க வேண்டாம்.

ஆர்.சி.யில் "வாகன வகை" என்ற இடத்தைப் பாருங்கள். மோட்டார் கார் என்று இருந்தால் சரி. சரக்கு வாகனம் என்று இருந்தால் விலகுங்கள்.

ஓட்டுநர் உரிமம் பற்றிப் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. இலகுரக வாகன உரிமமே போதும். 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தைக்கூட அந்த உரிமத்தில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது.

இன்னொன்று, ஃபாஸ்டேக். கார், ஜீப், வேன் எல்லாம் வகை 4. பின்பெட்டியைப் பார்த்துவிட்டு இலகுரக வணிக வாகனம் என்று வகை 5-இல் கட்டணம் பிடிக்கும் சுங்கச்சாவடிகள் உண்டு. ஒரு சாவடியில் எனக்கு இப்படி நடந்தது. டேக் வாங்கும்போதே ஆர்.சி.யைக் காட்டி வகை 4 என்று பதிவாகியிருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறாகப் பிடித்தால் ரசீதையும் ஆர்.சி. நகலையும் இணைத்து டேக் வழங்கிய வங்கியில் புகார் கொடுங்கள். சாவடியில் நின்று வாதாடிப் பயனில்லை.

3. புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும்

2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய கார்களுக்கான ஆயுட்கால வரி இப்படி இருக்கிறது: 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். நான்கு சக்கர இயக்கம் உள்ள பிக்கப்புகள் 20 லட்சத்தைத் தாண்டுபவை. 25 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 5 லட்சம். காப்பீடு, பதிவுக் கட்டணம் சேர்ந்தால் ஷோரூம் விலையைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு கையில் இருக்க வேண்டும். மாற்றங்களுக்கான பணம் இதில் அடங்காது என்பதை நினைவில் வையுங்கள்.

ஷோரூமில் "ஆக்சஸரீஸ் பேக்கேஜ்" என்று ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். தரைவிரிப்பு, பின்பெட்டி லைனர் தவிர வேறெதையும் அப்போதே வாங்காதீர்கள். லைனர் மட்டும் அவசியம். அது இல்லாமல் முதல் முறை இரும்புச் சாமான் ஏற்றும்போதே பெட்டியின் பெயின்ட் உரிந்து, மழைக்காலத்தில் துரு பிடிக்கத் தொடங்கும்.

4. பழையது வாங்கினால் என்னென்ன ஆவணம்

நிதானமாகச் செய்ய வேண்டிய கட்டம் இது. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

முதலில் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, வகை, வங்கிக் கடன் நிலவரம், காப்பீட்டு முடிவுத் தேதி, நிலுவை அபராதம் எல்லாம் தெரியும். அபராதம் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நகராது. விற்பவர் கட்டி முடித்த ரசீதைக் காட்டிய பிறகே முன்பணம்.

கடன் முடிந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் எச்.பி. நீக்கம் (கடன் பதிவை ஆர்.சி.யிலிருந்து எடுப்பது) முடிந்திருக்க வேண்டும். அதற்கு வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் தடையில்லாக் கடிதமும் தேவை. அந்தக் கடிதத்துக்குப் பொதுவாக மூன்று மாதம்தான் ஆயுள். எனக்கு வண்டியைக் காட்டிய தரகர் "எல்லா பேப்பரும் ரெடி" என்றார். கடிதம் இருந்தது, அதன் காலம் முடிந்துபோயிருந்தது. புதிய கடிதத்துக்காக வங்கிக் கிளை, மண்டல அலுவலகம் என்று விற்பவர் நடந்து வாங்கி வருவதற்குள் ஒரு பருவமழையே போய்விட்டது. கடிதத்தின் தேதியை முதலில் பாருங்கள்.

அதே மாநிலத்துக்குள் வாங்கினால் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, இருவரின் அடையாள, முகவரி ஆவணங்கள். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சையும் கேட்பார்கள். பிக்கப்பில் அந்த எண் சட்டகத்தின் இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் துருவும் மூடியிருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகளைச் சுற்றி வெல்டிங் தடமோ புதிய பெயின்டோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். விற்பனையை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். விண்ணப்பித்த 30 நாளுக்குள் தரவோ காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அதுவரை இழுக்காதீர்கள், வாங்கிய கையோடு தொடங்குங்கள். வண்டியின் வயதைப் பொறுத்துத் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியை அங்கே திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தப் பணம் எப்போது வரும் என்பதைக் கணக்கில் வைத்துப் பட்ஜெட் போட வேண்டாம். சான்று, மறுபதிவு, எண் ஒதுக்கீடு எல்லாம் சேர்ந்து மூன்று மாதம் ஆகும் என்று எடுத்துக்கொண்டால் மன உளைச்சல் குறையும்.

டெல்லி வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதால், அந்த வயதை நெருங்கும் வண்டிகளைத் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். வி-கிராஸ் இந்தியாவுக்கு வந்தது 2016-இல்; முதல் தொகுப்பு வண்டிகள் இப்போது அந்த வயதில் இருக்கின்றன. இங்கே தனிநபர் வாகனப் பதிவு 15 ஆண்டு செல்லும் என்பதால் வாங்குவதில் தவறில்லை. எஞ்சிய ஐந்து ஆண்டுக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து விலை பேசுங்கள்.

வண்டியைப் பார்க்கும்போது ஏற்றுமேடையில் ஏற்றச் சொல்லுங்கள். கடற்கரையில் ஓடியிருந்தால் சட்டகத்தின் உட்புறம், ஸ்பிரிங் தகடுகளின் இடுக்கு, பிரேக் குழாய்கள் எல்லாவற்றிலும் துரு சொல்லிவிடும். டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மண் தரையில் 4எச் (நான்கு சக்கர இயக்கம், சாதாரண வேகம்), 4எல் (அதே இயக்கம், குறைந்த வேகம், அதிக இழுவை) இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அந்த நெம்பைத் தொடாத உரிமையாளர்கள் இருக்கிறார்கள், பயன்படாமலேயே இறுகிப்போயிருக்கும். முந்தைய உரிமையாளர் ஏதாவது மாற்றியிருந்தால், கழற்றிய அசல் பாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த கட்டத்தைப் படித்தால் ஏன் என்று புரியும்.

5. சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். பம்பர், விளக்கு, சைலன்சர் மூன்றும் மாற்றியிருந்தால் மூன்று கணக்கு.

இரும்பு கிராஷ் கார்டு, புல் பார் இரண்டையும் மறந்துவிடுங்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. பாதசாரி மீது மோதினால் உயிர் போகும். முன்புற மோதலில் காற்றுப்பைகள் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். சட்டம் அனுமதித்தால்கூட நான் மாட்ட மாட்டேன்.

கண்ணாடிக்கு: முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி உள்ளே வர வேண்டும். நிறம் ஆர்.சி.யில் இருக்கும் விவரம். மாற்றினால் பதிய வேண்டும். ஈ.ஜி.ஆர். (புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) அடைப்பது, புகை வடிகட்டியை வெட்டி எடுப்பது போன்றவற்றைச் "சக்தி கூடும்" என்று சொல்லிச் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. பி.எஸ்.6 வண்டியில் அதைச் செய்தால் புகைச் சான்றும் போகும், வாரன்டியும் போகும். நாம் சுவாசிக்கும் காற்றும் கெடும்.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் இது: ஸ்பேனரால் ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எதையும் வண்டியில் செய்வதில்லை. வெட்டுவது, வெல்டிங் செய்வது, சட்டகத்தில் துளையிடுவது கூடாது. கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். விற்கும் நாளில் அவைதான் விலையைக் காக்கும்.

6. டயர்: முதல் செலவு இதற்கே

கையில் ஒரு லட்ச ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதில் பெரும்பகுதியை டயரில் போடுங்கள். தரையைத் தொடுவது அது மட்டும்தான்.

ஆல்-டெரெய்ன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போதும். மட்-டெரெய்ன் டயர் களிமண் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நம் பயணத்தில் தார்ச்சாலைதான் பெரும்பகுதி, அதுவும் மழையில். ஈரத் தாரில் அந்த டயரின் பிரேக் பிடிப்பு குறைவு. இரைச்சலும் டீசல் செலவும் கூடும்.

அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவு, அல்லது அதே மாடலின் உயர்ந்த வகைக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவு, இரண்டுக்குள் நின்றால் போலீஸ், காப்பீடு, வாரன்டி மூன்றிலும் பேச்சில்லை. அதற்கு மேல் போக ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. 265/70 ஆர்17 என்றால் சுமார் 803 மி.மீ. வித்தியாசம் 40 மி.மீ.; அதில் பாதிதான், அதாவது 20 மி.மீ. மட்டுமே, தரை இடைவெளியாகக் கிடைக்கும். பதிலுக்கு ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 105-இல் போவீர்கள். முழுதாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் கூடுதல் வேலை. இரண்டு செண்டிமீட்டருக்கு இவ்வளவா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

டயர் பக்கச்சுவரில் சுமைக் குறியீட்டைப் படியுங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். ஸ்டிக்கரில் உள்ள குறியீட்டுக்குக் கீழே போகக் கூடாது. தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைப்பவை பெரும்பாலும் கிடங்கில் கிடந்த பழைய டயர்கள். 18 அங்குல ஆல்-டெரெய்ன் டயர் ஒன்றுக்கு, பிராண்டைப் பொறுத்து, சுமார் 15,000 முதல் 22,000 ரூபாய் வரை எனக்கு விலை சொன்னார்கள். நான்கு வாங்கி நிறுத்தாதீர்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். வேறு விட்டமுள்ள சக்கரத்தோடு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் கியர்பெட்டி பழுதாகும்.

இனிக் காற்று. தார்ச்சாலையில் ஸ்டிக்கரில் உள்ள அளவு. கல்லும் செம்மண்ணும் கலந்த பாதையில் 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் வண்டி துள்ளுவது குறையும், டயர் கிழிவதும் குறையும். இளகிய மணலில் 15 முதல் 18 வரை இறக்கலாம். அப்போது வேகம் கூடாது, சடாரென்று திருப்பவும் கூடாது, டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். தாருக்குத் திரும்பியதும் நிறுத்திக் காற்று நிரப்புங்கள். குறைந்த காற்றோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். எனவே நல்ல காற்றடிக்கும் கம்ப்ரசரும் தனி அளவுமானியும் டயரோடு சேர்ந்த செலவு. சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய கம்ப்ரசர் இந்த டயருக்குப் போதாது. பேட்டரி முனையில் நேரடியாகக் கவ்வும் வகையை வாங்குங்கள்.

7. சிக்கினால் வெளியே வர

வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். புதியவர்களுக்கு வேண்டியவை: ஒரு மண்வெட்டி, மணலில் சக்கரத்தடியில் போடும் ஒரு ஜோடி ட்ராக்ஷன் போர்டு, 8 டன் தாங்கும் இழுவிசைக் கயிறு ஒன்று, தாங்குதிறன் பொறித்த 4.75 டன் ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு, தடித்த தோல் கையுறை. 25,000 ரூபாய்க்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இழுப்பதில் உயிரே போகும் ஒரு பிழை இருக்கிறது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிற்றைக் கட்டி இழுக்கக் கூடாது. அந்த உருண்டை முறிந்தால் குண்டுபோலப் பறந்து வரும். வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக அடியில் இருக்கும் வளையங்களும் இதற்கானவை அல்ல. சட்டகத்தில் போல்ட் போட்ட இழுவை முனை முன்னும் பின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றங்களுக்கான பணத்தில் டயருக்கு அடுத்த பங்கு அதற்கே. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கோ கனத்த போர்வையோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஊர்ப் பக்கம் வண்டி சிக்கினால் பத்து பேர் உதவிக்கு ஓடி வருவார்கள். அவர்களில் ஒருவருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

4எச்-ஐக் காய்ந்த தார்ச்சாலையில் போடாதீர்கள். இரண்டு வண்டியிலும் இருப்பது பகுதிநேர நான்கு சக்கர இயக்கம். முன் பின் சக்கரங்கள் வளைவில் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், அதற்கு இடம் தராத அமைப்பு இது. இளகிய தரையில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் அந்த முறுக்கு கியர்பெட்டியில்தான் இறங்கும்.

8. அடித்தகடு, சஸ்பென்ஷன், எடை

எஞ்சின், கியர்பெட்டி, டீசல் தொட்டி மூன்றையும் காக்கும் அடித்தகடு பயனுள்ளது. ஆயில் மாற்ற வழி விட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் முழுத் தகட்டையும் இறக்க வேண்டும்.

சஸ்பென்ஷனை மாற்றும் முன் ஓர் ஆண்டாவது வண்டியை அப்படியே ஓட்டுங்கள். பின்புறம் லீஃப் ஸ்பிரிங் சுமைக்காக அமைத்தது. பெட்டி காலியாக இருந்தால் துள்ளும், அது கோளாறு இல்லை. நிரந்தரமாக 150, 200 கிலோ சாமான் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றலாம். நல்ல கிட் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். வெறும் ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் கட்டை) வைத்து முன்புறத்தை உயர்த்தும் மலிவான வழியைத் தவிருங்கள். ஆக்சில் மூட்டுகளின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறும். எந்த வழியில் உயர்த்தினாலும் 40 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பிரேக் குழாய்களும் ஏ.பி.எஸ். வயர்களும் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அன்றே வீல் அலைன்மென்ட். அன்றே முகப்பு விளக்கின் கோணத்தையும் இறக்குங்கள். இதை ஏறக்குறைய எல்லாப் பட்டறைகளும் விட்டுவிடுகின்றன, எதிரே வருபவரின் கண் கூசுகிறது.

எடைக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஆர்.சி.யில் மொத்த எடையும் வெற்று எடையும் இருக்கும். கழித்தால் கிடைப்பதே உங்கள் உரிமை. உதாரணமாக 700 கிலோ மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 375 கிலோ. பின்பெட்டி மூடும் ஃபைபர் கூடு, கூரைக் கூடாரம், அடித்தகடுகள், கருவிப்பெட்டி, தண்ணீர் எல்லாம் 250 கிலோவை எளிதில் தொடும். மிஞ்சுவது 75 கிலோதான். இனி ஒரு வின்ச் ஏற்றினால் வரம்பை நெருங்கிவிடும். அந்தச் சுமையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் சூடேறுவது உங்களுக்கே தெரியும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். சாமான் கட்டி முடித்த பிறகு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். சிறு தொகைதான் வாங்குவார்கள்.

9. தண்ணீர்

ஹைலக்ஸ் 700 மி.மீ. ஆழம் வரை தாண்டும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அது நின்ற நீரில், தட்டையான தரையில், மெதுவாகப் போகும்போது. ஓடும் ஆற்றில் முழங்கால் அளவே வண்டியைத் தள்ளப் போதுமானது. இறங்கி நடந்து பார்க்க முடியாத இடத்தில் வண்டியை இறக்காதீர்கள்.

ஸ்நார்க்கல் மாட்டினால் படகாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எஞ்சின் காற்று இழுக்கும் வாயை மட்டும் உயர்த்துகிறது. ஆக்சில், டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் காற்றுப்போக்கிக் குழாய்கள் கீழேயே இருக்கும். நீண்ட ஓட்டத்தில் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாய்களை மேலே நீட்ட சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். மட்கார்டில் துளையிட வேண்டியதில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். நம் ஊர்ப் பாதைகளில் ஸ்நார்க்கல் இல்லாமலே போகலாம்.

நீரின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து, சில லட்ச ரூபாய்ச் செலவு வரும். தள்ளி வெளியே எடுத்து, இழுத்துக்கொண்டு போங்கள்.

10. விளக்கும் வயரும்

எல்.இ.டி. பட்டைகளைப் பொதுச் சாலையில் எரிப்பது குற்றம். எதிரே வருபவருக்கு ஆபத்து. தனியார் நிலத்தில் பயன்படுத்த மாட்டினால், சாலையில் போகும்போது ஒளி ஊடுருவாத மூடி போட்டிருக்க வேண்டும். எந்தக் கூடுதல் மின்சாதனத்துக்கும் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், தனி ரிலே. அசல் வயரைச் சீவி இணைக்கும் எலக்ட்ரீஷியனைத் தடுத்து நிறுத்துங்கள். பிக்கப்புகளில் தீ விபத்துக்கும் வாரன்டி மறுப்புக்கும் அதுவே நேர்வழி.

11. காப்பீடு

பழைய வண்டி என்றால் வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்பவருக்கே சொந்தம். அது கழிந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

மாட்டிய பாகங்களை எழுத்தில் தெரிவியுங்கள். ரசீதோடு சேர்த்தால், பொதுவாக அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். சொல்லாமல் விட்ட பொருளுக்கு இழப்பீடு கிடையாது. சொல்லாமல் செய்த மாற்றமே விபத்துக்குக் காரணம் என்று முழு கோரிக்கையையும் மறுக்க இடம் கொடுத்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பிரிவை அவசியம் சேருங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை அடிப்படைப் பாலிசி பெரும்பாலும் ஏற்காது. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

12. எங்கே ஓட்டலாம்

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை இறக்குவது குற்றம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாயும், வண்டியைப் பறிமுதல் செய்யவும் முடியும். பாதை இருக்கிறது என்பதால் போகலாம் என்று ஆகாது. எல்லைக் கற்களையும் பலகைகளையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

கடற்கரை மணல் ஆசையைத் தூண்டும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கரைகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. சக்கரத்தடம் முட்டைகளை நசுக்கும். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து கடலை அடையாமல் சாகும். மீனவர்களின் வலைகளும் அங்கேதான் காயும். கடற்கரைக்குப் போகாதீர்கள்.

பழகுவதற்கு நல்ல இடம் நண்பர்களின் தோட்டமோ தரிசு நிலமோதான். கோவை, சென்னை, பெங்களூரு பக்கங்களில் கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் தனியார் தடங்கள் இருக்கின்றன. ஒரு நாள் பயிற்சிக்கு ஆகும் பணம் ஒரு டயரின் விலையைவிடக் குறைவு. நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்பதால் கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

13. திரும்பி வந்த மறுநாள்

அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சட்டகத்துக்குள் சேறு தங்க விட்டால் துரு அங்கேதான் தொடங்கும். சக்கர நட்டுகளையும் புதிதாக மாட்டிய எல்லா போல்ட்டுகளையும் முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் கிரீஸ் அடியுங்கள். ஆழமான நீரைக் கடந்திருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். பி.எஸ்.6 டீசல் வண்டி ஊருக்குள் குறுகிய தூரமே ஓடினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், ஆகவே வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றின் காலாவதித் தேதிகளையும் டேஷ்போர்டு பெட்டியின் உட்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். புகைச் சான்று ஓராண்டில் முடியும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.